ஜீப்பின் பேரன் பனப்பாக்கம் வந்த கதை



பனப்பாக்கம் கார் தொழிற்சாலை பற்றிக் கொஞ்ச நாளாகவே பலரும் கேட்கிறீர்கள். "சார், ரேஞ்ச் ரோவர் கம்பெனி நம்ம பக்கத்துக்கே வந்துடுச்சாமே?" என்பது ஒரு கேள்வி. "மைல்டு ஹைப்ரிட்னு போடறாங்களே, அது கரண்ட் வண்டியா, பெட்ரோல் வண்டியா?" என்பது இன்னொன்று. மூன்றாவது கேள்வி சொந்தக்காரர்களிடமிருந்து வருகிறது: "மாமா, பையனை ஆட்டோமொபைல் டிப்ளமோ சேர்க்கலாமா?" மூன்றிலும் இதுதான் பெரிய கேள்வி. மூன்றுக்கும் சேர்த்து, வரலாற்று வாத்தியார் வழக்கப்படி முதலிலிருந்து சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகள் லட்சக்கணக்கில் செய்த வண்டி ஜீப். நான்கு சக்கரத்துக்கும் இன்ஜினின் இழுவை போகும் என்பதால் சேற்றிலும் மணலிலும் சிக்காமல் ஓடியது. போர் முடிந்ததும் மிச்சமான ஜீப்புகள் உலகம் முழுக்க விலைக்கு வந்தன. அப்படி ஒன்றை வாங்கியவர் இங்கிலாந்தின் ரோவர் கார் கம்பெனியில் தலைமைப் பொறியாளராக இருந்த மாரிஸ் வில்க்ஸ். வேல்ஸ் பகுதியில் ஆங்கிள்சி என்ற தீவில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. பண்ணை வேலைக்கு ஜீப் மிகவும் ஒத்துவந்தது. ஆனால் அது தேய்ந்துபோனால் அடுத்து எதை வாங்குவது? அதற்கு ஈடான வண்டி இங்கிலாந்தில் யாரும் செய்யவில்லை. நாமே செய்தால் என்ன என்று 1947-இல் அந்தத் தீவின் கடற்கரை மணலில் வில்க்ஸ் வண்டியின் படத்தைக் கோடு போட்டுக் காட்டினார் என்பது அந்தக் கம்பெனியார் வழிவழியாகச் சொல்லும் கதை.

1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் 'லேண்ட் ரோவர்' என்ற பெயரில் அந்த வண்டி வெளியானது. போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டில் இரும்புத் தகடு ரேஷன். அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். ராணுவ விமானங்களுக்கு வாங்கி மிஞ்சிய பச்சை பெயின்டை அடித்தார்கள். 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், சுமார் 50 குதிரைத்திறன், விலை 450 பவுண்டு. கதவும் கூரையும் வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்ட வேண்டும்! இன்ஜினின் சுழற்சியை வெளியே எடுத்துக் கதிரடிக்கும் இயந்திரத்தையோ மரம் அறுக்கும் ரம்பத்தையோ ஓட்டிக்கொள்ளலாம். ஆக, அது காருக்கும் டிராக்டருக்கும் நடுவில் பிறந்த ஒரு விவசாயக் கருவி. மேற்கு வங்கத்தில் டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சன் என்ற மலையூர் இருக்கிறது. அங்கே அந்தக் காலத்து லேண்ட் ரோவர்கள் சந்தக்பு சிகரத்துக்கு இன்றும் ஆள் ஏற்றிப் போகின்றன. டார்ஜிலிங் சுற்றுலா போகிறவர்கள் ஏறிப் பாருங்கள்.

இப்போது நம் சென்னைக்கு வருவோம். அதே 1948-இல், செப்டம்பர் 7 அன்று, ரகுநந்தன் சரண் என்ற விடுதலைப் போராட்ட வீரர் ஒரு மோட்டார் கம்பெனியைத் தொடங்கினார். தம் மகன் அசோக்கின் பெயரில் 'அசோக் மோட்டார்ஸ்' என்று பெயர் வைத்தார். முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. 1955-இல் இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனி பங்கு சேர்ந்ததும் 'அசோக் லேலண்ட்' ஆயிற்று. ஆரணியிலிருந்து நாமெல்லாம் ஆற்காடும் வேலூரும் போய் வந்த பஸ்களில் எத்தனையின் முகப்பில் அந்தப் பெயர் இருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

இந்த இரண்டு கம்பெனிகளும் ஒரே குடும்பத்துக்குள் வந்தன என்பது பலருக்குத் தெரியாது. 1967-இல் ரோவரை லேலண்ட் வாங்கியது. அதிலிருந்து நம் எண்ணூர் அசோக் லேலண்டும் அந்த லேண்ட் ரோவரும் பங்காளிகள். அசோக் லேலண்டில் ஆங்கிலேயர் வைத்திருந்த பங்குகள் கடைசியில் 'லேண்ட் ரோவர் லேலண்ட்' என்ற பெயருள்ள நிறுவனத்திடம்தான் இருந்தன. 1987-இல்தான் இந்துஜா குழுமமும் இத்தாலியின் இவெகோவும் சேர்ந்து அவற்றை வாங்கின.

இனி விவசாயக் கருவி ஆடம்பர வண்டியான கதை. 1970-இல் ரேஞ்ச் ரோவர் வந்தது. வயலிலும் போக வேண்டும், நெடுஞ்சாலையில் கார் மாதிரி சொகுசாகவும் ஓட வேண்டும் என்பது அதன் நோக்கம். முதல் வண்டிகளின் உள்தரையை ஹோஸ் பைப்பால் கழுவி விடலாம். அந்தளவுக்குச் சேறு மறக்காத வண்டி. போகப் போகத் தோல் இருக்கை வந்தது, மர வேலைப்பாடு வந்தது, ஏ.சி. வந்தது. பண்ணையார் ஓட்டியதைப் பிரபுக்களும் பணக்காரர்களும் ஓட்ட ஆரம்பித்தார்கள்.

வண்டி உயர்ந்ததே தவிர, அதைச் செய்த கம்பெனி கைமாறிக்கொண்டே இருந்தது. 1968-இல் பிரிட்டிஷ் லேலண்ட், 1975-இல் பிரிட்டிஷ் அரசாங்கம், 1988-இல் விமானம் செய்யும் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ், 1994-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ., 2000-இல் அமெரிக்காவின் ஃபோர்டு. 2008 ஜூன் 2 அன்று ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் சேர்த்து 230 கோடி டாலருக்கு டாடா மோட்டார்ஸ் வாங்கியது. அந்த இரண்டையும் ஃபோர்டு வாங்கியபோது கொடுத்த விலையில் இது பாதிகூட இல்லை.

நம்மை ஆண்டவன் கம்பெனியை நாமே வாங்கிவிட்டோம் என்று அப்போது பெருமைப்பட்டோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அடுத்த மூன்று மாதத்தில் அமெரிக்க வங்கிகள் கவிழ்ந்து, உலகம் முழுக்கக் கார் விற்பனை படுத்துவிட்டது. டாடா மோட்டார்ஸ் அந்த நிதியாண்டில் பெரும் நஷ்டம் காட்டியது. ரத்தன் டாடா தவறு செய்துவிட்டார் என்று பேசாத பத்திரிகை இல்லை. அவர் விற்றுவிட்டு ஓடவில்லை. புது வண்டிகளை வடிவமைக்கப் பணத்தைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். 2011-இல் வந்த ஈவோக் என்ற சிறிய ரேஞ்ச் ரோவர் நன்றாக விற்றுக் கைகொடுத்தது.

அந்த ஈவோக்கின் இரண்டாம் தலைமுறை 2018 நவம்பரில் அறிமுகமானது. அதில்தான் நீங்கள் கேட்ட மைல்டு ஹைப்ரிட் வருகிறது. இதைப் புரிந்துகொள்ள நம் பழைய சைக்கிள் டைனமோ போதும். இருட்டில் டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்துவிட்டால் லைட் எரியும், ஆனால் மிதிப்பது கனமாகிவிடும். சக்கரத்தின் ஓட்டத்தில் ஒரு பங்கை டைனமோ மின்சாரமாக எடுத்துக்கொள்கிறது. அதையே பிரேக் பிடிக்கும்போது மட்டும் செய்தால்? எப்படியும் வீணாகப் போகிற வேகம் மின்சாரமாகச் சேமிப்பாகும். சாதாரணக் காரில் 12 வோல்ட் பேட்டரி. இதில் கூடுதலாக 48 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று வண்டியின் அடியில் இருக்கிறது. இன்ஜினோடு பெல்ட்டால் இணைந்த ஓர் இயந்திரம், வேகம் குறையும்போது டைனமோவாக வேலை செய்து அந்தப் பேட்டரியை நிரப்புகிறது. வண்டி கிளம்பும்போது அதுவே மோட்டாராக மாறி இன்ஜினுக்குப் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளுகிறது. ஈவோக்கில் பிரேக் பிடித்து மணிக்கு 17 கிலோமீட்டருக்குக் கீழே வந்தால் இன்ஜின் தானே நின்றுவிடும்.

ஆனால் வெறும் மின்சாரத்தில் இந்த வண்டி ஓடாது. பிளக்கில் செருகிச் சார்ஜ் ஏற்றவும் முடியாது. பெட்ரோலோ டீசலோ போட்டே தீர வேண்டும். மிச்சமாகும் எரிபொருள் சில சதவீதம்தான். அப்படியானால் எதற்கு இது? நெசவு வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். தறியில் பழைய பாவு தீரும்போது அதை அறுத்து எறிவதில்லை. அதன் நுனியில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்து இழுக்கிறோம். மைல்டு ஹைப்ரிட் அந்தப் பிணையல் நேரம். பெட்ரோல் பாவு தீரப்போகிறது, மின்சாரப் பாவு வரப்போகிறது.

இப்போது பனப்பாக்கம். டாடா மோட்டார்ஸும் தமிழக அரசும் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டன. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கம் சிப்காட்டில் 2024 செப்டம்பர் 28 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 9,000 கோடி ரூபாய் முதலீடு, முழு அளவில் இயங்கும்போது ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வண்டிகள், 5,000 பேருக்கு வேலை என்பது அறிவிப்பு. டாடா வண்டிகளும் ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் இங்கே உருவாக வேண்டும் என்பது திட்டம். மேடையில் இருந்த டாடா குழுமத் தலைவர் ந.சந்திரசேகரன் நாமக்கல் மாவட்டம் மோகனூர்க்காரர், அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். அடிக்கல் நாட்டிய பதினொன்றாம் நாள், அக்டோபர் 9 அன்று, ரத்தன் டாடா காலமானார்.

ஆற்காடு, வாலாஜா, காவேரிப்பாக்கம் வழியாகப் போனால் நமக்குப் பனப்பாக்கம் தொலைதூரம் இல்லை. நான் படித்த காலத்தில் எல்லாமே ஒரே வட ஆற்காடு மாவட்டம்தான். இன்னொரு பக்கம் செய்யாறு பகுதியில் மகிந்திரா கம்பெனி தன் எஸ்.யூ.வி. வண்டிகளை ஓட்டிச் சோதிக்கப் பெரிய தடம் போட்டிருக்கிறது. 1940களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது இதே மகிந்திராதான். ஜீப்பின் ஒரு வாரிசு செய்யாற்றில், இன்னொரு வாரிசு பனப்பாக்கத்தில். நடுவில் நம் ஆரணி.

இனி அந்த மூன்றாவது கேள்வி. சேர்க்கலாமா?

வரலாறு சொல்வதை மட்டும் சொல்கிறேன். 1948 முதல் இந்த வண்டியின் முதலாளி எத்தனை முறை மாறினார் என்று மேலே எண்ணிப் பாருங்கள். அது பிறந்த சோலிஹல் தொழிற்சாலையிலேயே 2016 ஜனவரி 29 அன்று பழைய டிஃபெண்டர் நிறுத்தப்பட்டது. இன்று புது டிஃபெண்டர் உருவாவது ஸ்லோவாக்கியா நாட்டில். நம் மறைமலை நகரில் இருபத்தைந்து ஆண்டு கார் செய்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2024-இல் மறுபடி வருவதாகச் சொன்னது. இடையில் அந்தக் குடும்பங்கள் பட்ட பாடு காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும்.

தொழிற்சாலை வரும், போகும். தொழிலாளிக்கு நிற்பது அவன் கற்ற தொழில். இது ஆரணிக்குப் புதிய பாடம் இல்லை. மன்னர்கள் போனார்கள், ஜாகீர் போயிற்று, விசைத்தறி வந்து எத்தனையோ கைத்தறிகளை நிறுத்தியது. ஆனாலும் மெல்லிய, கனமில்லாத ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு வாங்கி நிற்கிறது என்றால், கோர்வை போடத் தெரிந்த கைகள் இருந்ததால்தான். அந்தக் கைகளுக்கு நாம் கொடுத்த கூலி போதாது என்பதும் உண்மை. தான் நெய்த முகூர்த்தப் புடவையைத் தன் மகளுக்கு எடுக்க முடியாத நெசவாளியை நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். அறுபது லட்சத்துக்கு மேல் விற்கும் வண்டியைப் பூட்டும் பிள்ளைக்கும் அதே நிலை வரக் கூடாது. அதனால் தறியை விட்டு எழுகிற பிள்ளையைத் தடுக்க எனக்கு மனசு வரவில்லை. எதைக் கற்றுக்கொண்டு எழுகிறான் என்பதே என் கவலை.

ஆகவே சேர்க்கலாம். ஆனால் இன்ஜின் மட்டும் படித்தால் தீரப்போகிற பாவைப் பிடித்ததாகிவிடும். பேட்டரி, மோட்டார், சென்சார், ரோபோ பராமரிப்பு இவற்றைச் சொல்லித் தரும் இடமாகப் பாருங்கள். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். செய்யாறு சிப்காட்டின் ஷூ கம்பெனிகளை அவர்கள்தானே நடத்துகிறார்கள். வேலையில் சேரும்போது நிரந்தரமா, ஒப்பந்தமா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பனப்பாக்கம் பக்கம் வேலை பார்க்கும் என் மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். என்ன படிப்புக்கு என்ன வேலை, எவ்வளவு சம்பளம், ஷிப்டு எப்படி என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள். நான் சொன்னது வரலாறு. பிள்ளைகளுக்கு இப்போது வேண்டியது உங்கள் அனுபவம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார், ஆரணி