சோதனைக்கு முன் குதிரைக்கு எவ்வளவு பயிற்சி?

2009 இல் வன்னியில் எறிகணை வீச்சில் எனது இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். இங்கிலாந்துக்கு வந்த பின்னர், உடலின் சமநிலைக்கு நல்லது என்று இயன்மருத்துவர் ஒருவர் என்னைக் குதிரைச் சவாரிக்கு அனுப்பினார். அதுவரை நான் கண்ட குதிரைகள் நெடுந்தீவு வெளிகளில் மேயும் கட்டைக் குதிரைகள் மட்டும்தான்.

இன்று மாற்றுத்திறனாளிகளுக்கான 'ட்ரெஸாஜ்' போட்டிகளில் கீழ்மட்டத்தில் பங்குபற்றுகிறேன். ஊரில் இருந்து பேசுபவர்கள் "ரேஸ் ஓடுறியா?" என்று கேட்பார்கள். இது ஓட்டப்பந்தயம் அல்ல. 20 மீற்றர் அகலமும் 40 அல்லது 60 மீற்றர் நீளமும் கொண்ட களத்தில், ஓரத்தில் வைத்த எழுத்துகளைக் குறியாகக் கொண்டு, முன்கூட்டியே எழுதப்பட்ட வரிசைப்படி குதிரையை நடத்திக் காட்ட வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர் 0 முதல் 10 வரை புள்ளியிடுவார். தொடக்கநிலைச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அந்தச் சில நிமிடங்களுக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்? பிழைவிட்டுத்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

நான் விட்ட பிழை

முதற் சோதனைக்கு முன்னர் இரண்டு கிழமையாக, நாள்தோறும் முழுச் சோதனையையும் தொடக்கம் முதல் முடிவு வரை ஓட்டினேன். ஒருநாளும் ஓய்வு விடவில்லை. போட்டியன்று நடுக்கோட்டில் நான் நிறுத்துமுன்னரே குதிரை தானாக நின்றது. நான் கேட்காமலே துள்ளுநடை எடுத்தது. வரிசை அதற்கு மனப்பாடம். என்னைக் கேட்க வேண்டிய தேவையே அதற்கு இருக்கவில்லை. புள்ளிகள் 4 இலும் 5 இலும் நின்றன. செயற்கைக் கால் உரசி என் காலும் புண்ணாகி, பத்து நாள் ஊன்றுகோலுடன் திரிந்தேன்.

மனப்பாடம் உங்களுக்கு, குதிரைக்கு அல்ல

வரிசையைப் படிக்க வேண்டியவர் சவாரி செய்பவர். கடதாசியில் களத்தைக் கீறி விரலால் ஓட்டிப் பாருங்கள். வீட்டுக்குள் நடந்து பாருங்கள். குதிரையுடன் துண்டு துண்டாகப் பழகுங்கள். ஒருநாள் வட்டங்கள், இன்னொருநாள் திருப்பங்கள். நடுக்கோட்டில் ஒவ்வொரு முறையும் நிறுத்த வேண்டாம். சிலவேளை நேராகப் போக விடுங்கள். முழுச் சோதனையை ஓரிரு முறை ஓட்டினால் போதும்.

கிழமைக் கணக்கு

கிழமைக்கு நாலைந்து நாள், முக்கால் மணித்தியாலம் அளவில் வேலை போதுமானது. அதற்குள் தளர்நடையும் அடங்கும். கடினமான நாளுக்கு அடுத்த நாள் இலகுவானதாக இருக்கட்டும். ஒருநாளாவது வயலில் சும்மா மேய விடுங்கள். தசைநார்கள் உறுதிப்படப் பல கிழமைகள் எடுக்கும். கடைசிக் கிழமையில் எதையும் புதிதாகப் பழக்கக் கூடாது, களைப்புத்தான் மிஞ்சும். ஓர் அசைவு நன்றாக வந்தவுடன் நிறுத்திக் கடிவாள வாரைத் தளர்த்துங்கள். குதிரைக்குக் கிடைக்கும் பரிசு அதுதான். முதல்நாள் அரைமணி நேர இலகு வேலை, அல்லது வெளியே ஓர் உலா.

சேணத்தைக் கண்டதும் காதை மடித்தல், வாலை ஓயாமல் அடித்தல், தலையை உதறுதல், இடறுதல் ஆகியவற்றைக் கண்டால் பிடிவாதம் என்று எண்ணாதீர்கள். நோவாகவும் இருக்கலாம். தேவைப்படுவது மிருக வைத்தியர், சவுக்கு அல்ல.

போட்டியன்று

முதலில் பத்து நிமிடம் தளர்நடை. பிறகு உடல் சூடாகும் வரை இலகு வேலை. பெரும்பாலான குதிரைகளுக்கு மொத்தம் 20 முதல் 40 நிமிடம் போதும். வயதான, மூட்டு இறுகிய குதிரைக்குத் தளர்நடை கூடுதலாக வேண்டும். விரைவில் களைக்கும் குதிரைக்கு மொத்த நேரத்தைக் குறையுங்கள். நல்ல அசைவுகளைக் களத்துக்கு வெளியே செலவழித்துவிட்டால் உள்ளே நடுவருக்குக் காட்ட எதுவும் இராது.

லிஸ் ஹார்ட்டெல்

டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் 1944 இல் இளம்பிள்ளைவாதத்தால் முழங்காலுக்குக் கீழே இயக்கத்தை இழந்தவர். குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு மற்றவர்களின் உதவி வேண்டியிருந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், இராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே உரியதாயிருந்த ட்ரெஸாஜ் முதன்முறையாகப் பெண்களுக்கும் திறக்கப்பட்டபோது, ஜூபிலி என்ற குதிரையில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956 இலும் வெள்ளி வென்றார். காலால் சொல்ல முடியாததை உடற்பாரத்தாலும் இருக்கையாலும் குதிரைக்குச் சொன்னார். சவாரி செய்பவர் சொல்வதைக் கேட்கும் மனநிலை குதிரையிடம் மிச்சம் இருந்தால்தான் அது நடக்கும்.

எனது இரண்டாவது சோதனைக்கு முன்னர் முழுவரிசையை ஒரே முறைதான் ஓட்டினேன். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் நடுக்கோட்டில் குதிரை காதுகளை என் பக்கம் திருப்பி, நான் சொல்லும்வரை காத்திருந்தது. நான் நிறுத்தியபோது நின்றது. அந்த இடத்தில் நடுவர் 7 போட்டிருந்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.