கிள்ளான் ஆற்றின் படகு வழியும் ஊர்ப்பெயர்களும்

ஊர்ப்பெயர்களை நிலத்தில் நடந்தவர்களே இட்டிருப்பர் என்று எண்ணுவது நம் இயல்பு. கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய மலாய்ப் பெயர்களை ஆற்றின் போக்கில் வைத்துப் படித்தால், அவற்றுட் பல படகில் இருந்தவன் கண்ணால் கண்டு இட்டவை என்பது விளங்கும். 'குவாலா' என்பது ஓர் ஆறு கடலிலோ வேறோர் ஆற்றிலோ கலக்கும் இடம். நம் 'கூடல்', 'கழிமுகம்' என்னும் இரு சொற்களின் வேலையையும் அது ஒன்றே செய்கிறது. 'தெலோக்' என்பது நீர் உட்குழிந்து வளையும் இடம். கிள்ளானில் தெலோக் பூலாய், தெலோக் காடோங் உள்ளன. 'ரந்தாவ்' என்பது இரு வளைவுகளுக்கு இடைப்பட்ட நேர்நீட்சி. 'பங்காலான்' என்பது துறை. கிள்ளானின் பங்காலான் பத்து நமக்குக் 'கல்துறை'. மலாயாவின் ஊர்ப்பெயர்களை முனைந்து ஆராய்ந்தவர்களுள் எஸ். துரைராஜசிங்கம் என்னும் தமிழரும் ஒருவர் என்பதை இங்கே நன்றியோடு நினைக்கிறோம்.

இப்பெயர்கள் ஏன் படகோட்டிக்கு வேண்டியிருந்தன? 1857ஆம் ஆண்டு ராஜா அப்துல்லா ஈயம் தேடும்படி 87 சீனத் தொழிலாளரைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். கிள்ளானும் கோம்பாக்கும் கூடும் இடத்திற்கு அப்பால் படகு செல்லாமையால், அங்கு இறங்கி அம்பாங் நோக்கிக் காட்டில் நடந்தனர். சில வாரங்களிலேயே 69 பேர் காய்ச்சலுக்கு இரையாயினர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர்கள் இறங்கிய சேற்றுக் கூடல்தான் கோலாலம்பூர். படகு நின்ற இடத்தில் நகரம் எழுந்தது என்பதில் மிகையில்லை.

கடலிலிருந்து கிள்ளான் வரை ஓதம் ஏறும்போது படகை அதன் போக்கில் விட்டால் பாதி உழைப்பு மிச்சம். அதற்கு மேலே ஓடக்கோலை ஆற்றடியில் ஊன்றித் தள்ளவேண்டும். வெள்ளக் காலத்தில் நிலைமை மாறிவிடும். மணல்மேடும் விழுந்த மரமும் நீரில் மூழ்க, படகுக்கு ஆழம் கிடைக்கும். ஆனால் கோல் அடியைத் தொடாது. நடு ஆற்றில் ஏறுவது இயலாத செயல். வளைவின் உட்கரையில் நீர் தளர்ந்து ஓடுமாதலால் அக்கரையை ஒட்டி, கொம்பையும் கொடியையும் பற்றி இழுத்துக்கொண்டே ஏறவேண்டும். அடுத்த வளைவு எதிர்ப்பக்கம் திரும்பும்போது, ரந்தாவ் தொடங்குமிடத்தில் ஆற்றைக் குறுக்கே கடந்து மறுகரையைப் பிடிக்கவேண்டும். இறங்குவது எளிது என்பது கரையில் நிற்பவன் எண்ணம். நீரின் வேகத்திலேயே மிதக்கும் படகைச் சுக்கான் திருப்பாது. நீரைவிடச் சற்று விரைந்தோ, சற்றுத் தாமதித்தோ சென்றால்தான் திசை கைவசப்படும். தெலோக் எங்கே, ரந்தாவ் எங்கே என்று முன்னரே அறியாதவனுக்கு இவற்றுள் எதுவும் கூடாது.

1881இல் ஜனவரித் தீயும் ஆண்டின் இறுதியில் வந்த வெள்ளமும் கோலாலம்பூரைச் சிதைத்தன. அடுத்து, கட்டடங்களைச் செங்கல்லால் எழுப்பும் ஏற்பாடு வந்தது. சூளைகள் பெருகிய ஆற்றோரப் பகுதிக்கு பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் நிலைத்தது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை இரயில் ஓடியது. ஆற்றுப் படகின் காலம் அதனோடு சரிந்தது. பின்னர் பிரிக்பீல்ட்ஸில் பெருகிய தமிழர் இரயில்வேத் தொழிலாளராக வந்தவர்கள். தோணி, ஓடம், பரிசல், வள்ளம், அம்பி என்று படகுக்குப் பெயர்களை அடுக்கவல்ல மொழியினர், படகு மறைந்துகொண்டிருந்த ஆற்றங்கரையில் குடியேறினர்.

ஆறு தன் பழைய வழியை மறக்கவில்லை. 1926 வெள்ளத்திற்குப் பின் நகரை ஒட்டிய ஆற்றை நேராக்கினர். 1971 ஜனவரியில் தலைநகர் மீண்டும் மூழ்கியது. பத்து அணை, 9.7 கிலோமீட்டர் நீளத்தில் 2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கம் ஆகியவை நகரின் நடுப்பகுதியைக் காக்க எழுந்தவை. நேராக்கிய ஆற்றில் நீர் விரைந்து இறங்கும். விரைந்த நீர் கீழே எங்கோ நிற்கவேண்டும் என்பதை அணையும் சுரங்கமும் மாற்றிவிடவில்லை.

2021 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் அந்நீர் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் நின்றது. தாழ்ந்த நிலம், ஆறு பெருகியிருக்கையில் வடிகால் ஆற்றுக்குள் வடியாது, கீழே கடலோதம் ஏறினால் ஆறும் வடியத் தயங்கும். மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் காத்திருந்தனர். மீட்புப் படகுகள் போதவில்லை என்ற மனக்குறை எங்கும் கேட்டது. காயாக் வைத்திருந்தோர், ரப்பர்ப் படகு உடையோர் எனத் தன்னார்வலர் பலர் தாமாகவே வந்தனர். தெருவே ஆறாகும்போது மதிற்சுவர், இரும்பு வேலி, மூழ்கிய கார் ஆகியவை கண்ணுக்குப் புலப்படா. காற்றடைத்த படகைக் கிழிக்க ஒரு வேலிக்கம்பி போதும். ஆற்றுக்கு இருந்தது போன்ற பெயர்க்குறிப்பு தெருவுக்கு இல்லை. அங்கே தெரு எண்தான் உண்டு, அதுவும் நீருக்கடியில்.

மலாய்மொழிக்கு நாம் 'கப்பல்' தந்தோம். அது 'காப்பால்' ஆயிற்று. 'குளம்' தந்தோம், அது 'கோலாம்' ஆயிற்று. இன்று வெள்ளநீரைத் தேக்கப் பொறியாளர் வெட்டும் நீர்நிலைக்கும் அப்பெயரே. கொடுத்த சொற்களை மேடைதோறும் எண்ணி மகிழும் நாம், தெலோக், ரந்தாவ், பங்காலான் என்று அம்மொழி நமக்கு நாள்தோறும் முகவரியில் எழுதிக் கொடுப்பவற்றின் பொருளைக் கேட்டறிந்ததில்லை. கிள்ளானிலுள்ள நம் தமிழ்ப்பள்ளிகளில், மாணவர் தம் வீட்டு முகவரியிலுள்ள மலாய்ச் சொல்லின் பொருளை எழுதி வருமாறு ஆசிரியர் பணிக்கலாம். தெலோக் பூலாயில் வாழும் குழந்தை, தன் ஊரின் பெயர் நீர் வளைவதைச் சொல்கிறது என்பதை அடுத்த மழைக்காலத்திற்கு முன்பே அறிந்திருக்கும்.