குடிசைக்கு மூங்கில், ஆஸ்பத்திரிக்குச் செங்கல்

ஆரோக்கியமான சமூகத்தை உருவாக்குவதில் நிர்வாகம், தொழிலாளர், உள்ளாட்சி மூவரின் பங்கேற்பு என்றொரு கருத்தரங்க அழைப்பிதழ் தபாலில் வந்தது. இந்தப் 'பங்கேற்பு' என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் இருமல்தான் கேட்கிறது. கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் இருபத்தாறு வருஷம் பஞ்சுத் தூசியில் நின்றவர். ஷிப்ட் முடிந்து வரும்போது வெல்லக்கட்டி வாங்கித் தின்றுகொண்டே வருவார். தூசியை உள்ளே இறக்கிவிடும் என்று நம்பிக்கை. தீபாவளிக்குத் தீபாவளி சங்கம் போனஸுக்குக் கொடி பிடித்தது, வாங்கியும் கொடுத்தது. தூசியைப் பற்றி ஒரு வாயிற்கூட்டத்திலாவது யாராவது பேசியிருந்தால் அவர் வந்து சொல்லியிருப்பார்.

நுரையீரலை ஈ.எஸ்.ஐ. டாக்டரிடமும், குடிசையைக் கடவுளிடமும், குடியை மனைவியிடமும் விட்டுவிட்டு, கூலியை மட்டும் சங்கத்தின் விஷயமாக வைத்துக்கொண்ட ஒரு வரலாறு நமக்கு இருக்கிறது. அதற்கு மாறாக நடந்த ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். நடந்த இடம் தல்லி ராஜ்ஹரா. அன்றைய மத்தியப் பிரதேசத்தின் துர்க் மாவட்டம், 2000க்குப் பிறகு சத்தீஸ்கர். பிலாய் உருக்காலைக்கு இரும்புத் தாது போகும் சுரங்க ஊர்.

அங்கேயும் ஆரம்பம் போனஸ்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு தொகை, ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதில் ஒரு துணுக்கு என்று இருந்த சங்கங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டன. கொதித்தெழுந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் வெளியேறி, நெருக்கடிநிலைச் சிறையிலிருந்து வந்திருந்த சங்கர் குஹா நியோகியைக் கூட்டிக்கொண்டு 1977 மார்ச்சில் சத்தீஸ்கர் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் கோரிக்கைகளில் ஒன்று, மழைக்காலத்துக்கு முன்னால் குடிசையைச் சரிபார்க்க மூங்கிலும் கழியும் வாங்க நூறு ரூபாய். ஜூன் 2ஆம் தேதி ராத்திரி நியோகியைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் செத்தார்கள். அதில் ஒரு பெண், ஒரு சிறுவன். ஒழுகாத கூரை என்பது மருத்துவப் புத்தகத்தில் சுகாதாரம். சுரங்க ஊரில் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

சங்கத்தின் துணைத் தலைவி குசும் பாய் பிரசவத்தில் இறந்துபோனார். நிர்வாகத்தின் ஆஸ்பத்திரியில் உரிய சிகிச்சை கிடைக்கவில்லை. சங்கத்தின் உயரத்தில் இருந்த பெண்ணுக்கே இந்தக் கதி. நமக்கென்று ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வேண்டும் என்ற பேச்சு இந்தச் சாவிலிருந்துதான் பிறக்கிறது. திட்டக் கமிஷன் அறிக்கை எதிலிருந்தும் இல்லை.

நடுவில் சாராயம். கூலி ஏறியது, ஏறிய கூலி சாராயக் கடைக்குப் போனது. சங்கம் மதுவிலக்கில் இறங்கியது. குடித்து மாட்டியவனுக்கு அபராதம், அந்தப் பணம் அவன் மனைவி கைக்கு. ஃபூக்கோவைப் புதிதாகப் படித்த சூட்டில், இது தொழிலாளியின் உடலை ஒழுங்குபடுத்தும் இன்னொரு அதிகாரமே என்று ஒரு கூட்டத்தில் பேசினேன். கூட்டம் முடிந்ததும் ஒரு தோழர், வயதில் என் அம்மாவைவிட மூத்தவர், கேட்டார்: "ஏன் தம்பி, அந்தப் பொம்பளை கையில காசு வந்துச்சே, அது எந்த அதிகாரம்?" பதில் சொல்லத் தெரியவில்லை. சங்கம் குடும்பத்துக்குள் நுழைவது பற்றிய உறுத்தல் இன்னும் எனக்குப் போகவில்லை. ஆனால் அந்த உறுத்தலை யார் இடத்தில் நின்று படுகிறேன் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன். சாராய வியாபாரிகளுக்கு உறுத்தல் எதுவும் இல்லை, கோபம்தான். 1981 பிப்ரவரியில் நியோகி தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போனார்.

அதே வருஷம் குப்பை. நிர்வாகக் குடியிருப்பு பளிச்சென்று இருக்க, தொழிலாளர் தெருக்களில் மலைபோல் கழிவு. தொழிலாளர்கள் தாங்களே வாரினார்கள். வாரியதோடு, இனி நீங்கள் அள்ளாவிட்டால் இது அதிகாரிகளின் பங்களா வாசலுக்கு வரும் என்றும் சொன்னார்கள். அள்ளுவதற்கு ஏற்பாடு ஆயிற்று. கருத்தரங்கக்காரர்கள் இதைப் 'பங்கேற்பு' என்று எழுதிக்கொள்ளலாம். பிற்பாடு குடிநீருக்கு ஆழ்துளைக் கிணறுகள் வந்ததும் இதே வழியில்தான், வயிற்றுப்போக்கைத் தண்ணீரோடு சேர்த்துப் பார்க்கத் தொழிலாளர்களே கற்றுக்கொண்ட பிறகு.

டாக்டர்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குழந்தை மருத்துவம் படித்த பினாயக் சென். இன்னொருவர் சைபால் ஜானா. 1982இல் சிறு மருந்தகம். 1983 ஜூன் 3, துப்பாக்கிச் சூட்டின் ஆறாம் ஆண்டு நினைவு நாளில், 15 படுக்கையோடு ஷஹீத் ஆஸ்பத்திரி. செத்த 11 பேரின் பெயரால் தியாகிகள் மருத்துவமனை. பணம் தொழிலாளர் தங்கள் படிகளிலிருந்து கொடுத்தது, சுவர் அவர்கள் எழுப்பியது. பெரிய நிதி நிறுவனங்களின் பணம் வேண்டாம் என்று வைத்தார்கள். சுரங்கத் தொழிலாளிகளே பயிற்சி பெற்று, ஷிப்ட் முடிந்து வந்து, கட்டுப் போட்டார்கள். தேவையில்லாத ஊசி, டானிக் கிடையாது. இதை நோயாளிகளுக்குப் புரியவைப்பது சாராயத்தை நிறுத்துவதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஊசி போடாத டாக்டரை நம் ஊரில் டாக்டர் என்றே யாரும் சேர்ப்பதில்லையே.

இதையெல்லாம் நியோகி போராட்டமும் நிர்மாணமும் என்றார். நம் இடதுசாரி நண்பர்களுக்கு 'நிர்மாணம்' காதில் விழுந்தால் சீர்திருத்தவாதம் என்று முகம் சுளிக்கும். தன்னார்வக் குழு நண்பர்களுக்குப் 'போராட்டம்' காதில் விழுவதேயில்லை. இரண்டையும் ஒன்றாகச் சொன்ன மனிதரை 1991 செப்டம்பர் 28 அதிகாலை, பிலாயில் தூங்கிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாகச் சுட்டுக் கொன்றார்கள். விசாரணை நீதிமன்றம் 1997இல் தொழிலதிபர்களையும் சேர்த்துத் தண்டித்தது. மறுவருஷம் உயர் நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் சுட்டவனை மட்டும் ஆயுள் தண்டனைக்கு அனுப்பியது. கூலிக்குச் சுட்டவன் இருக்கிறான், கூலி கொடுத்தவன் சட்டத்தின் கண்ணில் இல்லை. பினாயக் சென் 2007இல் கைதாகி, 2010இல் ராஜத்துரோகம் என்று ஆயுள் தண்டனை பெற்று, 2011இல் உச்ச நீதிமன்ற ஜாமீனில் வெளியே வந்தார்.

ஆஸ்பத்திரி இன்னும் நடக்கிறது. சுரங்கத்தில் கைவேலை குறைந்து, ஆரம்பத்துத் தொழிலாளர்கள் ஓய்வு பெற்று, சங்கத்தின் அந்தப் பழைய பலம் போய்விட்டது. ஆஸ்பத்திரியைக் கட்டிய அமைப்பு மெலிந்தபின் ஆஸ்பத்திரி எதுவாக மாறுகிறது என்பதை அங்கே போய் உட்கார்ந்து யாராவது எழுத வேண்டும்.

அப்பா ஓய்வு பெற்றபோது மில்லில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அவருடைய எக்ஸ்ரேவைப் பார்த்த தனியார் டாக்டர், பீடி குடிப்பீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் அப்பா. எங்கே வேலை பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்கவில்லை. சங்கத்து ஆள் ஒருவர் கூட வந்திருந்தார். அவரும் சொல்லவில்லை, பக்கத்தில் நின்றிருந்த நானும் சொல்லவில்லை.