'403 ஃபர்பிடன்' வருதா? சர்வரில் 777 போடுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

கோடு சர்வருக்குப் போயாச்சு. உங்க லேப்டாப்பில் ஒழுங்கா ஓடின அதே ஆப், பிரவுசரில் திறந்தால் '403 ஃபர்பிடன்' என்கிறது. டீம் குரூப்பில் கேட்டால் யாராவது ஒருத்தர் உடனே மருந்து சொல்வார்: "சிஹெச்மாட் 777 போட்டு விடு." போட்டதும் பெரும்பாலும் பக்கம் திறந்துவிடும். சிக்கலே அங்கேதான்.

லினக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் மூணு தரப்பு உண்டு: உரிமையாளர், குழு, மற்ற எல்லோரும். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. ஆக 777 என்றால் அந்த சர்வரில் ஓடும் எந்தக் கணக்கும் அந்த ஃபைலை மாற்றலாம். உங்க ஆப்பில் ஒரு சின்ன ஓட்டை வழியா உள்ளே வந்தவர், உங்க கோடையே திருத்தி எழுதிவிட்டுப் போகலாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் என்வ் ஃபைலும் அதோடு சேர்ந்து திறந்து கிடக்கும். வாடிக்கையாளர் தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஹோம் டைரக்டரிக்கே 777 போட்டால், அடுத்த முறை எஸ்எஸ்ஹெச் கீ வழியா லாகின் ஆக முடியாது. மற்றவர்கள் எழுதக்கூடிய ஹோமில் இருக்கும் கீயை எஸ்எஸ்ஹெச் நம்பாது. உங்க சர்வருக்கு வெளியே நீங்களே நிற்பீங்க.

அப்போ முறையா எப்படிப் பார்ப்பது? முதலில் எரர் லாகைத் திறங்க. என்ஜின்எக்ஸ் லாகில் அடைப்புக்குறிக்குள் ஒரு எண் இருக்கும். 2 என்றால் ஃபைலே அங்கே இல்லை, அனுமதியைத் தொட வேண்டாம். பாதை தப்பா இருக்கலாம், இல்லையென்றால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம். மேக்கும் விண்டோஸும் வழக்கமா இதைக் கண்டுக்காது, லினக்ஸ் விடாது. 'டைரக்டரி இண்டெக்ஸ்' பற்றிய வரி என்றால், அந்த ஃபோல்டரில் இண்டெக்ஸ் ஃபைல் இல்லை என்று அர்த்தம். 13 இருந்தால் மட்டும்தான் அனுமதி மறுப்பு.

13 என்றால் அடுத்த கேள்வி, மறுக்கப்பட்டது யாருக்கு? ஃபைலைக் கேட்பது நீங்க இல்லை, வெப் சர்வரின் கணக்கு. உபுண்டு, டெபியனில் அது 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா'. ரெட் ஹாட் குடும்பத்தில் 'என்ஜின்எக்ஸ்' அல்லது 'அப்பாச்சி'. பிஹெச்பி-எஃப்பிஎம், குனிகார்ன் மாதிரி வேறொன்று பின்னால் ஓடினால் அதற்குத் தனிக் கணக்கு இருக்கலாம். 'சூடோ -யு' போட்டு அந்தக் கணக்காகவே ஃபைலைப் படித்துப் பாருங்க. ஊகத்துக்கு வேலையே இல்லை.

பலர் மாட்டுவது இதற்கு அடுத்த படியில். ஃபைலுக்கு 644 சரியா இருக்கும், ஆனாலும் திறக்காது. ஃபிளாட் சாவி கையில் இருந்தாலும் கீழே கேட் பூட்டியிருந்தால் எப்படிப் போவது? ஃபோல்டரைப் பொறுத்தவரை அந்த 1, அதாவது 'இயக்க' அனுமதி, உள்ளே நடந்து போக விடுவதற்கானது. பாதையில் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் அது வேண்டும். 'நேம்ஐ -எல்' என்று அடித்து முழுப் பாதையையும் கொடுத்தால் எந்தப் படியில் தடை என்று வரிசையா காட்டும். உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் டைரக்டரிகள் 755-க்குப் பதிலா 750-ஆக உருவாகின்றன. பழைய டுடோரியலைப் பார்த்து ஹோமுக்குள் ஆப் வைத்தால் 403 வருவது இதனால்தான். ஆப்பை 'வார்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ'வுக்கு மாற்றுவதே நல்லது. மாற்றவே முடியாதென்றால் 'செட்எஃப்ஏசிஎல்' மூலம் அந்த ஒரு கணக்குக்கு மட்டும் வழி விடுங்க.

பொதுவா ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 போதும். அப்லோடு, கேஷ் ஃபோல்டர்களை மட்டும் ஆப் ஓடும் கணக்கின் பெயருக்கு மாற்றுங்க. என்வ் ஃபைலுக்கு 640 போட்டு, ஆப்பின் குழுவைக் கொடுத்தால் போதும்.

எல்லாம் சரி, ஆனாலும் 13? ரெட் ஹாட், ராக்கி, ஃபெடோரா என்றால் எஸ்இலினக்ஸைச் சந்தேகப்படுங்க. அது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள் வைத்திருக்கும். ஹோமிலிருந்து 'எம்வி' செய்த ஃபைல் பழைய லேபிளோடயே வரும், வெப் சர்வரால் படிக்க முடியாது. இங்கே 777 போட்டாலும் பலன் இல்லை. 'ரீஸ்டோர்கான்' லேபிளைச் சரிசெய்யும். எஸ்இலினக்ஸை ஒரேயடியா அணைக்கச் சொல்லும் பதில்களைத் தாண்டிப் போயிடுங்க.

டாக்கரில் பெயரைப் பார்க்காதீங்க, எண்ணைப் பாருங்க. வெளியே 1000 எண் கணக்கின் ஃபைலை உள்ளே 33 எண் கணக்கு கேட்டால், பெயர் எதுவா இருந்தாலும் அது வேற ஆள்தான்.

ஏற்கெனவே யாரோ 777 போட்டு வைத்த சர்வர் உங்க கைக்கு வந்திருக்கா? 'ஃபைண்ட்' கட்டளையில் '-பெர்ம் -0002' கொடுத்து, சிம்லிங்க்குகளை விட்டுவிட்டுத் தேடுங்க. எல்லோரும் எழுதக்கூடிய ஃபைல்களின் பட்டியல் கிடைக்கும். 'டெம்ப்' மாதிரி சில ஃபோல்டர்கள் அப்படித்தான் இருக்க வேண்டும், அவற்றைத் தொட வேண்டாம். ஆப் ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் ஒவ்வொன்றா இறக்குங்க.