பூணூல் மாத்துனதுக்காக கைதான 18 பேர்

திண்டுக்கல்லுன்னு சொன்னா பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை, இந்த மூணைத் தாண்டி யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. இன்னைக்கு அந்த மூணும் இல்லை. இன்னைக்கு நாகல் நகர்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது நாகல் நகர்ல இருந்த ஒரு ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போனேன். ஸ்கூல்ல நம்மள மாதிரியே திண்டுக்கல் தமிழ் பேசுறவன், வாசல்ல செருப்பைக் கழட்டின உடனே அம்மாகிட்ட வேற ஏதோ மொழியில பேச ஆரம்பிச்சுட்டான். தெலுங்கு இல்லை, கன்னடமும் இல்லை. "என்னடா இது?"ன்னு கேட்டேன். "சௌராஷ்ட்ரா. எங்க ஆளுங்க குஜராத்ல இருந்து வந்தவங்க"ன்னான். எப்போன்னு கேட்டதுக்கு, "தெரியலடா, ரொம்ப முன்னாடி"ன்னு சொல்லிட்டு கேரம் போர்டை எடுத்துட்டான்.

அந்த "ரொம்ப முன்னாடி" எவ்வளவு முன்னாடின்னு பின்னாடிதான் படிச்சேன்.

மத்தியப் பிரதேசத்துல மந்தசோர்னு ஒரு ஊர். அங்க கிடைச்ச ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு, லாட தேசத்துல இருந்து, அதாவது தெற்கு குஜராத்ல இருந்து, குடிபெயர்ந்து வந்த பட்டு நெசவாளர் குழு ஒண்ணைப் பத்திப் பேசுது. புது ஊருக்கு வந்தவங்க கி.பி. 437 வாக்குல தங்களோட சொந்தக் காசுல ஒரு சூரியன் கோயில் கட்டுறாங்க. 473 வாக்குல அதைப் பழுது பார்க்குறாங்க. பட்டு உடுத்தாத அலங்காரம் அலங்காரமே இல்லைங்கிற மாதிரி கல்வெட்டுலயே தங்களோட சரக்குக்கு விளம்பரமும் பண்ணிக்கிறாங்க. நம்ம ஊர் சௌராஷ்ட்ரர்களோட முன்னோர் இவங்கதான்னு பல பேர் எழுதியிருக்காங்க. நடுவுல ஆயிரம் வருஷத்துக்கும் மேல இடைவெளி இருக்கு, அதனால நான் அவ்வளவு அடிச்சு சொல்ல மாட்டேன். எனக்கு முக்கியமாப் பட்டது வேற: வந்த ஊர்ல ஒரு கோயிலைக் கட்டுறதுங்கிறது "நாங்க இங்கேயே இருக்கப் போறோம்"னு ஊருக்குச் சொல்ற வழி.

சௌராஷ்ட்ரர்களோட பயணப் பாதை அவங்க கல்யாணச் சடங்குலயே இருந்திருக்கு. ரெண்டு வீட்டாரும் கேள்வி பதிலா வம்சக் கதையைச் சொல்லிக்குவாங்க. சோரட், அங்கிருந்து தேவகிரி, அங்கிருந்து விஜயநகரம், அங்கிருந்து மதுரை. ஒரு கிட் லாக் மாதிரி. நாயக்கர் காலத்துல அரண்மனைக்குப் பட்டு வேணும், இவங்களுக்கு நெய்யத் தெரியும். மதுரையில திருமலை நாயக்கர் மஹாலைச் சுத்தியே குடியேறினாங்க. ஊர்க்காரங்க வச்ச பேரு பட்டுநூல்காரர். தொழிலைத்தான் பார்த்திருக்காங்க, ஆளை இல்லை.

சரி, தொழில் பிடிச்சிருக்கு. சாமியும் வேற சாமி இல்லை, பெருமாள்தான். அப்ப பிரச்சனையே வந்திருக்கக் கூடாது, இல்லையா? வந்துச்சு. அதே சாமிங்கிறதாலதான் வந்துச்சு.

ராணி மங்கம்மாள் ஆட்சியில, ஆவணி அவிட்டத்துக்குப் பூணூல் மாத்துனாங்கன்னு இந்தச் சமூகத்துல 18 பேரை மதுரையில இருந்த அதிகாரி கைது பண்ணினார். நெசவாளிக்கு இந்தச் சடங்கு செய்ய உரிமை இருக்கா இல்லையாங்கிறதுதான் கேஸ். மங்கம்மாள் சாஸ்திரம் தெரிஞ்சவங்களைக் கூட்டி விசாரிக்கச் சொன்னாங்க. தீர்ப்பு நெசவாளர்கள் பக்கம் வந்துச்சு. அதை ஓலையில எழுதியும் கொடுத்தாங்க. இது 1705 வாக்குல.

இதுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாடி, 1693-ல, பக்கத்து சேதுபதி சீமையில ஓரியூர்ல போர்ச்சுகல்காரர் ஜான் டி பிரிட்டோவோட தலையை வெட்டியிருந்தாங்க. அவர் காவி கட்டி, அருளானந்தர்னு பேர் வச்சுக்கிட்டு, தமிழ்ச் சாமியார் மாதிரியே வாழ்ந்தவர். அவர்கிட்ட ஞானஸ்நானம் வாங்கின தடியத் தேவர், ஒரு மனைவியை மட்டும் வச்சுக்கிட்டு மத்தவங்களை விலக்கினார். விலக்கப்பட்டவங்கள்ல ஒருத்தர் சேதுபதியோட உறவுப் பெண். அவர் தனக்குள்ள வேற கடவுளைக் கும்பிட்டிருந்தா யாரும் கண்டுக்கிட்டிருக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன். அவரோட நம்பிக்கை ஒரு அரச குடும்பத்தோட கல்யாணக் கணக்குக்குள்ள கை வச்சது. பட்டுநூல்காரரோட நம்பிக்கை ஏற்கனவே ஏணியில மேல உட்கார்ந்திருந்தவங்க பக்கத்துல இடம் கேட்டுச்சு. ரெண்டு இடத்துலயும் கோபம் சாமி மேல இல்லை.

எனக்கு ஒரு உறுத்தலும் இருக்கு. 18 பேரும் ஜெயிச்சாங்க, ஆனா அந்த ஏணி அப்படியேதான் நின்னுச்சு. அவங்க அதுல ஒரு படி வாங்கினாங்க, அவ்வளவுதான். அந்தப் படியும் உறுதியா இல்லை. பிரிட்டிஷ் காலத்துலயும் "நாங்க பிராமணர்"னு அவங்க வாதாட வேண்டியிருந்துச்சு, சாதிக் கணக்கு எடுத்த அதிகாரிகள் சுலபமா ஒத்துக்கல. இன்னைக்குத் தமிழ்நாட்டு அரசுப் பட்டியல்ல சௌராஷ்டிரா (பட்டுநூல்காரர்) பிற்படுத்தப்பட்டோர் பிரிவுல இருக்காங்க. மங்கம்மாள் ஓலையைக் காட்டி இப்ப யாரும் சீட் வாங்க முடியாது. இப்ப சீட் கிடைக்கணும்னா அந்த ஓலைக்கு நேர் எதிரான சர்டிபிகேட் வேணும்!

அதுக்கு நடுவுல இன்னொரு ஏற்பு சத்தமில்லாம நடந்துருச்சு. 1922-ல மதுரையில ஒரு சௌராஷ்ட்ரக் குடும்பத்துல பிறந்த டி.எம். சௌந்தரராஜன் பாடுன முருகன் பாட்டுதான் நம்ம ஊர் கோயில் ஸ்பீக்கர் எல்லாத்துலயும் ஓடுது. அவரோட தாய்மொழி என்னன்னு யாரும் ஓலை கேட்கல.

இதை நான் இப்ப தோண்ட ரெண்டு காரணம். ஒண்ணு, போன வருஷம் பெங்களூர்ல வீடு தேடினேன். ஒரு ஓனர் சம்பளம் எவ்வளவுன்னு கேட்கிறதுக்கு முன்னாடியே, என்ன சமைப்பீங்க, என்ன சாமி கும்பிடுவீங்கன்னு கேட்டார். பெருமாள்னு சொல்லியிருந்தா வீடு கிடைச்சிருக்கும். மட்டன் குழம்புன்னு சொன்னேன்.

ரெண்டாவது, வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகள். வட மாநிலத்துல இருந்து வந்த நிறைய பேர் அங்க நூல் ஓட்டுறாங்க. 2023 மார்ச்ல, தமிழ்நாட்டுல இவங்களை அடிக்கிறாங்கன்னு போலி வீடியோக்கள் பரவி, பீகார் அரசே ஒரு குழுவை அனுப்பிப் பார்க்கச் சொன்னது ஞாபகம் இருக்கும். வீடியோ பொய். ஆனா "வடக்கன்"னு நம்ம வாட்ஸ்அப் குரூப்ல ஓடுற ஜோக் பொய்யில்லை. அந்த குரூப்ல நாகல் நகர் ஃப்ரெண்டும் இருக்கான். ஒரு நாள் அவன் போட்ட மெசேஜ்: "டேய், நானும் வடக்கன்தான். கொஞ்சம் லேட்டா கண்டுபிடிச்சிருக்கீங்க." அதுக்கப்புறம் ஒரு வாரம் குரூப்ல சத்தமே இல்லை.

இந்த எபிசோடுக்காக அவனுக்கு போன் பண்ணி, இப்பவும் ஆவணி அவிட்டத்துக்குப் பூணூல் மாத்துறியாடான்னு கேட்டேன்.

"லீவு கிடைச்சா"ன்னான்.