சான்றிதழ் பெற்ற கம்பிகள்

1998 செப்டம்பர் 2 இரவு நியூயார்க்கிலிருந்து ஜெனீவா நோக்கிப் புறப்பட்ட சுவிஸ்ஏர் 111 வானூர்தி, கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையோரக் கடலில் வீழ்ந்தது. 229 பேரும் மாண்டனர். வலவர் அறையில் தீய்ந்த வாடை உணரப்பட்டது முதல் கழிந்த காலம் ஏறத்தாழ 21 நிமிடமே.

கனடிய ஆய்வாளர் நான்காண்டுக்கு மேல் துருவினர். தீ தொடங்கிய பகுதியில், பயணிகள் படம் பார்க்கவெனப் பின்னாளில் பொருத்தப்பெற்ற பொழுதுபோக்குக் கருவியின் கம்பியொன்று மின்பொறி எழுந்து உருகியிருந்தது. முதற்பொறி அதுவேயென அறுதியிட இயலவில்லை.

அக்கருவிக்கு அமெரிக்க வான்போக்குவரத்து நிருவாகத்தின் துணைச் சான்றிதழ் இருந்தது! புகை எழுந்தால் பயணியர் பகுதி மின்சாரத்தை ஒரே விசையால் துண்டிக்கலாம் என்பது அவ்வூர்தியின் அமைப்பு நெறி. புதுக்கருவியோ அவ்விசைக்கு அடங்காத இணைப்பிலிருந்து மின்னைப் பெற்றது. தீக்கு அவ்விணைப்பே காரணமென ஆய்வு கூறவில்லை; எனினும் இம்முரண்பாடு சான்றளித்தோர் கண்ணுக்குத் தப்பியதே பெருங்குறை. ஊர்தியை முழுமையாக அறியாதார் அதன் உறுப்பொன்றுக்கு எங்ஙனம் சான்றளிப்பர்?

தீயைப் பரப்பியதில் பெரும்பங்கு உட்சுவர்க் காப்புறைகளுக்கு உண்டு. அவையும் விதிப்படி எரிசோதனையில் தேறியவையே. அக்கருவியை அச்சான்றிதழின்படி பொருத்துவது 1999இல் தடைசெய்யப்பட்டது. அக்காப்புறைகளை அகற்ற 2000இல் ஆணை பிறந்தது. கடுமையான புதிய எரிசோதனை 2003இல் விதியாயிற்று.