தேசிங்கின் பழி யார் தலையில்?

ராணிப்பேட்டை உண்டான கதையைச் சொல்லும் பழைய ஊர்க்குறிப்புகளில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. ஊரைக் கட்டியவர் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான். கட்டிய ஆண்டு ஏறக்குறைய 1771. ஆனால் சாதத்துல்லா கான் 1732-லேயே இறந்துவிட்டார். செஞ்சியில் உடன்கட்டை ஏறிய தேசிங்கு ராஜனின் இளம் மனைவி நினைவாக, அவள் கணவனை வீழ்த்திய நவாபே மனம் உருகி எழுப்பிய ஊர் என்பது கதை. ஆண்டு தப்பா, ஆள் தப்பா? இரண்டில் ஒன்று நிச்சயம் தப்பு.

இந்தக் குறிப்புகள் கண்ணில் பட்டபோது நான் தேடிக்கொண்டிருந்தது ஆரணி ஜாகீர் தொடர்பான தாள்களை. ஆர்க்காட்டிலிருந்து தெற்கே செஞ்சிக்கு இறங்கினால் வழியில் ஆரணி, அப்புறம் சேத்துப்பட்டு. அதனால் தேசிங்கு கதை எங்கள் பக்கத்துக்கு வேற்றூர்க் கதை இல்லை. பட்டு நெய்யும் முதியவர் ஒருவர் அதைப் பாடமாகவே வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு, ஒவ்வோர் இழையாகத் திரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவே இல்லை. வாய் மட்டும் கதை சொன்னது. போருக்கு விடைகேட்டு சிங்கவரம் ரங்கநாதர் முன் தேசிங்கு நின்ற இடம் வந்ததும் குரல் தாழ்ந்தது.

“சாமியே வேணாம்னு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு தம்பி. கேட்டானா அவன்? பழி அவன் மேலதான்.”

“நவாபு கேட்ட பாக்கி யாரோடதுங்க ஐயா?”

“அது அப்பன் வெச்ச பாக்கி.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அதை யாரும் பாடறதில்ல.”

பாடாததைத் தேடித்தான் சுவடிகளுக்குப் போனேன். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயண பிள்ளை எழுதிய ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ முதல் சாட்சி. செஞ்சியின் வரலாற்றை எழுதிய சி.எஸ். சீனிவாசாச்சாரி, இத்தகைய உள்ளூர் வரலாறுகளைக் கிழக்கிந்தியக் கும்பினிப் பதிவுகளோடு வைத்துப் பார்த்தவர். அவர் நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943-இல் வெளியிட்டது. இவற்றை அருகருகே வைத்துப் படித்தால் பாட்டில் இல்லாத ஓர் ஆள் மெல்ல எழுந்து வருகிறார். தேசிங்கின் தகப்பன் சொரூப்சிங்.

1698-இல் மராத்தியரிடமிருந்து செஞ்சி மொகலாயர் கைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் புந்தேல ராஜபுத்திரரான சொரூப்சிங்கை ஔரங்கசீப் கோட்டைத் தலைவராக, அதாவது கில்லேதாராக, அனுப்பினார். 1710-இல் அவருக்கும் கடலூர் தேவனாம்பட்டினத்து ஆங்கிலேயருக்கும் சண்டை மூண்டது. புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் இடையில் புகுந்து 1712-இல் சமாதானம் செய்து வைத்தார்கள். சண்டைக்குச் செலவு போய்க்கொண்டே இருந்தது, ஆர்க்காட்டுக்குக் கட்ட வேண்டிய பணமோ பல ஆண்டுகளாக நின்றுகிடந்தது. 1714-இல் அவர் இறந்தார். புந்தேல்கண்டிலிருந்து இளம் மனைவியோடு வந்து கோட்டைச் சாவியை வாங்கிய மகனுக்கு வயது இருபத்திரண்டு.

அவன் காட்டியது தகப்பனுக்கு ஔரங்கசீப் கொடுத்த ஃபர்மான் என்ற அரசாணையை. அதைக் கொடுத்தவர் 1707-லேயே காலமாகிவிட்டார்; அரியணையில் அப்போது ஃபரூக்சியர். கில்லேதார் உத்தியோகம் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும் சொத்து அல்ல, புதிய பாதுஷாவின் உத்தரவு வேண்டும் என்றது நவாபு தரப்பு. சட்டப்படி அது சரிதான். தேசிங்கு பாக்கியும் கட்டவில்லை, கோட்டையையும் விடவில்லை.

1714 அக்டோபர் 3. நவாபிடம் 8,000 குதிரைப்படை, 10,000 காலாட்கள் என்றும், தேசிங்கிடம் 350 குதிரைகள், 500 வீரர்கள் என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். மழைக்காலம் தொடங்கி ஆற்றில் வெள்ளம். உடன் வந்தவர்களில் பலர் கரையில் தயங்க, அவன் இறங்கிக் கடந்தான். நவாபுக்காக வேங்கடகிரி யாசம நாயக்கரும் அன்று போரிட்டார். நண்பன் மகபத்கானும், கடைசியில் தேசிங்கும் விழுந்தார்கள். அந்த வெள்ளத்தில் இறங்கிய பொறுப்பை அவனிடமிருந்து யாராலும் கழற்ற முடியாது, நானும் கழற்றவில்லை. கோட்டைக்குள் இருந்து முற்றுகையைத் தாங்கியிருக்கலாம். மொகலாயப் படையையே ஏழெட்டு ஆண்டு வெளியே நிற்க வைத்த மலைக்கோட்டை அது.

ஆனால் பாட்டு பழியை அவன் செருக்கிலும் விதியிலும் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்தின் வழியாகவும் நம் மனத்தில் பதிந்தது வீரனும் குதிரையும்தான். கணக்குப் புத்தகம் எங்கும் வருவதில்லை. ராணிப்பேட்டைக் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. நவாபின் கண்ணில் கண்ணீரை வரவழைத்தபின், பாக்கி வசூலுக்குப் பெரும்படை நடத்தியவரை யார் குற்றம் சொல்வார்கள்? அந்த ஆண்டுக் குழப்பம் என்னை உறுத்தியது அதனால்தான். விடுதலைப் பத்திரம் ஒன்றைப் பின்னாளில் எழுதித் தேதி போட்டதுபோல் இருக்கிறது அது. செஞ்சிக் கோட்டைக்குள் செட்டிகுளத்துக் கரையில் தேசிங்கை எரித்த மேடை என்று இன்றும் காட்டுகிறார்கள். அவன் மனைவி தீயில் இறங்கியதும் அங்கேதான். கடனிலோ ஃபர்மானிலோ போரிலோ துளியும் பங்கில்லாத அந்தப் பெண்ணின் சாவுக்குப் பொறுப்பாளி யார் என்று நான் பார்த்த எந்த ஏடும் கேட்கவில்லை. புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

எனக்குக் கடைசிச் சான்று கிடைத்தது செஞ்சித் தாள்களில் அல்ல, ஆர்க்காட்டு வம்சாவளியில். சாதத்துல்லா கானுக்குப் பிள்ளை இல்லை. சகோதரனின் மகன் தோஸ்த் அலியைத் தமக்குப்பின் நவாபாக்க ஏற்பாடு செய்தார். 1732-இல் அப்படியே நடந்தது. தோஸ்த் அலியின் தம்பி பாக்கிர் அலிக்கு ஒரு கோட்டையைக் கொடுத்தார். ஆரணிக்கு வடமேற்கே, வேலூர்க் கோட்டை.